கூட்டலாமா, கூடாதா?

போன மாதம் ஒன்றும் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, படித்துக்கொண்டிருந்தேன். என்ன படிப்பு என்று கேட்ட நடைப்பயிற்சி நண்பரிடம் "பல்பரிமாணத் தரவு ஆய்வு" என்றேன். "ஜோசியமா சார்?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் வந்தவரிடமும் அப்படியே சொல்லி வைத்தார். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

மகனுக்கு ஒரகடம் பக்கம் வேலை. அதை முன்னிட்டு நாங்கள் புதுச்சேரியை விட்டு பிள்ளைப்பாக்கம் வந்து சில வருடங்கள் ஆகின்றன. அவன் பரணில் போட்டு வைத்திருந்த பெட்டியில் கம்ப்யூட்டர் புத்தகங்கள் கிடந்தன. ஒன்று ரால்ஃப் கிம்பால் எழுதிய 'தி டேட்டா வேர்ஹவுஸ் டூல்கிட்'. முதல் பதிப்பு 1996இல் வந்தது. இன்னொன்று ஜார்ஜ் ஸ்பாஃபோர்ட் எழுதிய 'எம்டிஎக்ஸ் சொல்யூஷன்ஸ்'. கண்புரை அறுவைக்குப் பிறகு எழுத்து நன்றாகத் தெரிகிறதா என்று பார்க்கத்தான் முதலில் புரட்டினேன். நாலாவது பக்கத்திலேயே எங்கள் அலுவலகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர்களுக்கு 'வாரியாக' என்ற சொல் தெரியாமல் இருக்காது. மாத வாரியாக, கொம்யூன் வாரியாக, இனவாரியாக என்று ஸ்டேட்மென்ட் கேட்டுக் கடிதம் வரும். பதிவேடுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு கோடு போட்டு, கட்டம் கட்டி, அடியில் மொத்தம் போட்டு அனுப்புவோம். அது போன மறுநாளே "இதையே ஆண், பெண் வாரியாகவும் பிரித்து அனுப்பவும்" என்று இன்னொரு கடிதம் வரும். ஏற்கெனவே போட்ட மொத்தத்திலிருந்து அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. திரும்பவும் முதல் பதிவேட்டின் முதல் பக்கம்தான். மூன்று நாள் போய்விடும்.

புத்தகத்தில் 'டைமென்ஷன்' என்று சொல்வது இந்த 'வாரி'யைத்தான். எண்ணப்படும் தொகைக்கு 'மெஷர்' என்று பெயர். ஒவ்வொரு தகவலையும் அதற்குரிய எல்லா வாரிகளோடும் ஒரே தடவை பதிந்து வைத்துவிட்டால், பிறகு எந்த வாரியாகக் கேட்டாலும் பதிவேட்டைத் திறக்க வேண்டியதில்லை. இப்படிச் சேர்த்து வைத்ததை 'க்யூப்' என்கிறார்கள். கனசதுரத்துக்கு மூன்று திசைதான். இதற்கு ஐந்தும் இருக்கலாம், பத்தும் இருக்கலாம். தரவுகளை அட்டவணைகளாக உறவுபடுத்தி வைக்கும் முறையை 1970இல் சொன்னவர் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட். அவரே 1993இல் இந்தப் பல்பரிமாண ஆய்வுக்கு ஓலாப் என்று பெயர் கொடுத்து 12 விதிகள் எழுதினார். அதைக் கேள்வி கேட்பதற்கான எம்டிஎக்ஸ் மொழியை மைக்ரோசாஃப்ட் 1997இல் கொண்டுவந்தது.

புத்தகம் ஆங்கிலம், நான் படித்தது பிரெஞ்சு வழியில். அலுவலக ஆங்கிலம் பழக்கம்தான். ஆனால் கணக்கு என்று வந்தால் மனசுக்குள் இன்னும் பிரெஞ்சுதான் ஓடும். சில சொற்கள் இடறும். பட்ஜெட்டுக்கு எதிரில் 'ஆக்சுவல்' என்று போட்டிருப்பார்கள், உண்மையில் ஆன செலவு என்று பொருள். பிரெஞ்சில் 'ஆக்த்யுவேல்' என்றால் 'இப்போதைய' என்று பொருள். ஒவ்வொரு தடவையும் கண் ஒரு நொடி நின்றுதான் நகரும்.

ஆனால் பிரெஞ்சு கைகொடுத்த இடமும் உண்டு. தளத்தில் ஒரு புள்ளியைக் குறிக்க இரண்டு எண் போதும் என்ற முறைக்கு அடிப்படை போட்டவர் தெகார்த். 1637இல் வந்த அவருடைய 'லா ழெயோமெத்ரி'தான் அதன் ஊற்று. கரும்பலகையில் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, ஆப்ஸீஸ், ஓர்தொன்னே என்று எங்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எம்டிஎக்ஸில் ஒரு கட்டத்தைக் குறிப்பதும் அதே வேலை. எண்ணுக்குப் பதில் பெயர் வருகிறது, அவ்வளவுதான்:

([ஏரி].[செம்பரம்பாக்கம்], [நாள்].[2015].[டிசம்பர்].[2], [அளவு].[மழை])

இது ஒரு விலாசம். இதற்குள் இருக்கும் எண் 47 செ.மீ. அந்த வெள்ளத்தை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டோம். கொட்டியதில் பெரும்பகுதி டிசம்பர் 1ஆம் தேதி. ஆனால் வானிலைத் துறை காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்தைத்தான் ஒரு நாளாக எடுத்துக்கொள்ளும். ஆகவே பதிவு டிசம்பர் 2ஆம் தேதியில் வந்தது. 'நாள் வாரியாக' என்று சொன்னால் மட்டும் போதாது, எந்த மணியிலிருந்து எந்த மணிவரை என்றும் சொல்ல வேண்டும்.

மகன் மடிக்கணினியில் சீக்வல் சர்வரின் டெவலப்பர் பதிப்பை ஏற்றிக் கொடுத்தான். கற்பவர்களுக்கு அது இலவசம். பயிற்சிக்கு என்ன தரவு என்று யோசித்தேன். புத்தகத்தில் வருவது மளிகைக் கடை விற்பனை. நான் நாளிதழில் வரும் ஏரி நீர்மட்டப் பெட்டியை எடுத்துக்கொண்டேன். ஏரியின் பெயர், முழுக் கொள்ளளவு, இன்றைய இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம், போன வருடம் இதே நாள் இருப்பு. எங்கள் பிள்ளைப்பாக்கம் ஏரியின் உபரி நீரும் கடைசியில் செம்பரம்பாக்கம் போய்த்தான் சேரும். 2015இல் அது நிரம்பி வழிந்ததையும் 2019 கோடையில் தரை தெரிந்ததையும் பார்த்தவர்கள் நாம். அந்தப் பெட்டி நமக்கு வெறும் எண்கள் அல்ல. 'போன வருடம் இதே நாள்' என்பதற்கு எம்டிஎக்ஸில் 'பேரலல்பீரியட்' என்று ஒரு ஆணையே இருக்கிறது.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். எண்கள் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. எந்த எண்ணை எந்த வாரியாகக் கூட்டலாம், எந்த வாரியாகக் கூட்டக் கூடாது என்பதைத்தான் அந்தப் புத்தகங்கள் முதலில் கேட்கின்றன.

ஏரி இருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645. எல்லாம் மில்லியன் கன அடியில் முழுக் கொள்ளளவு. கூட்டினால் 11,257. ஏரி வாரியாகக் கூட்டுவது சரி. ஆனால் நாள் வாரியாகக் கூட்ட முடியாது. செம்பரம்பாக்கத்தில் 30 நாளும் 3,000 இருந்தால் மாதத்துக்கு 90,000 என்று சொல்ல முடியுமா? இருந்தது ஒரே தண்ணீர். அதற்கு மாதக் கடைசி இருப்பைத்தான் எடுக்க வேண்டும், வங்கிக் கணக்கு மாதிரி.

மழை இதற்கு நேர் எதிர். ஒரு மழைமானியில் நாள் வாரியாகக் கூட்டிக்கொண்டே போகலாம். மாத மழை, வருட மழை என்று வரும். ஆனால் ஊர் வாரியாகக் கூட்டக் கூடாது. அதே 2015 டிசம்பர் 2 காலைப் பதிவில் தாம்பரத்துக்கு 49 செ.மீ. செம்பரம்பாக்கத்தின் 47ஐயும் சேர்த்து "96 செ.மீ. மழை" என்றால் அப்படி ஒரு மழை எங்கேயும் பெய்யவில்லை. ஊர்களுக்குச் சராசரிதான் எடுக்க வேண்டும்.

நீர்வரத்து மூன்றாவது வகை. விநாடிக்கு இத்தனை கன அடி என்பது ஒரு வேகம். நாள் முழுக்க விநாடிக்கு 1,000 கன அடி வந்தால்தான் அது 86.4 மில்லியன் கன அடி, ஏனென்றால் ஒரு நாளுக்கு 86,400 விநாடி. வேகத்தை முதலில் அளவாக மாற்றாமல் நாள்களைக் கூட்டினால் வருவது வெறும் எண். அடிக்கணக்கில் சொல்லும் நீர்மட்டமோ எந்த வாரியாகவும் கூடாது. செம்பரம்பாக்கத்தின் 24 அடியையும் இன்னொரு ஏரியின் 20 அடியையும் சேர்த்து 44 அடி ஆழத்தில் ஏரி ஒன்றும் இல்லை.

சதவீதம்தான் ரொம்பவும் ஏமாற்றும். ஒரு பேச்சுக்கு, சோழவரம் 100 சதவீதம், புழல் 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 75 என்று வாய் தானாகவே சொல்லும். உண்மையில் இருப்பு 1,081ம் 1,650ம் சேர்ந்து 2,731. கொள்ளளவு 4,381. வகுத்தால் 62 சதவீதம்தான். சிறிய ஏரியும் பெரிய ஏரியும் ஒரே எடை அல்ல. முதலில் கூட்டு, பிறகு வகு என்பதுதான் விதி. தொழிற்சாலையில் ஷிப்டு வாரியாகக் கழிவு சதவீதம் போடும்போதும் இதே விதிதான் என்றான் மகன்.

மழைக்காலத்தில் நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் எண்களை இனி இந்தக் கண்ணோடு பாருங்கள். ஒரு ராத்திரி, பல ஊர்களின் மழையைக் கூட்டி ஒரு மொத்தம் போட்டு யாரோ அனுப்ப, எங்கள் தெருவில் இரண்டு குடும்பம் சாமான்களை மாடிக்கு ஏற்ற ஆரம்பித்துவிட்டது. அதற்கு மறு வாரம் ஏரிகளின் சதவீதச் சராசரி ஒன்று வந்தது. அதைப் பார்த்துவிட்டு "கோடைக்குக் கவலையில்லை" என்று எல்லோரும் நிம்மதியானார்கள். இரண்டிலும் எண்கள் சரி, எங்கிருந்து எடுத்ததோ அங்கே அப்படியேதான் இருந்தன. கூட்டிய திசைதான் சரியில்லை.

இன்னொன்று, காலிக் கட்டம். நமக்கு 'நில் ரிப்போர்ட்' தெரியும், தமிழில் இன்மை அறிக்கை. "உரிய தேதிக்குள் வராவிட்டால் இன்மை எனக் கருதப்படும்" என்று சுற்றறிக்கையின் கடைசி வரி இருக்கும். எம்டிஎக்ஸ் அப்படிக் கருதுவதில்லை. சராசரி எடுக்கும்போது காலிக் கட்டத்தைக் கணக்கிலேயே சேர்க்காது. பத்து மழைமானியில் எட்டிலிருந்து மட்டும் தகவல் வந்து மொத்தம் 80 செ.மீ. என்றால் சராசரி 10. வராத இரண்டையும் பூஜ்யமாக எழுதிவிட்டால் 8. மழை பெய்யவில்லை என்பது வேறு, தகவல் வரவில்லை என்பது வேறு. பெருமழையில் முதலில் வராமல் போவது அதிக மழை பெய்த இடத்தின் தகவலாகவும் இருக்கலாம் அல்லவா?

கிம்பால் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, மெதுவாக மாறும் டைமென்ஷன் பற்றியது. பிள்ளைப்பாக்கம் நகரவில்லை, ஆனால் அதன் மாவட்டம் நகர்ந்தது. 1997 ஜூலை வரை செங்கல்பட்டு மாவட்டம். அதைப் பிரித்தபோது காஞ்சிபுரம் மாவட்டம். 2019இல் அதையும் பிரித்துச் செங்கல்பட்டை மறுபடி தனி மாவட்டமாக்கினார்கள், நாம் காஞ்சிபுரத்திலேயே நின்றுவிட்டோம். "காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருபது வருடத்தில் எவ்வளவு குறைந்தது" என்று கேட்டால், குறைந்தது எது? மாவட்டம்தானே! ஏரிகளிலும் அப்படித்தான். 2020இல் கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500 மில்லியன் கன அடியோடு சேர்ந்தது, மொத்தக் கொள்ளளவு 11,757 ஆனது. அதற்கு முந்தைய சதவீதத்தையும் இன்றைய சதவீதத்தையும் பக்கத்தில் வைக்கும்போது வகுக்கும் எண் வேறு என்பது நினைவில் இருக்க வேண்டும். கிம்பால் மூன்று வழி சொல்கிறார். பழையதை அழித்துப் புதியதை எழுதலாம். பழைய வரியை அப்படியே விட்டு, தேதி போட்டுப் புது வரி சேர்க்கலாம். அல்லது 'முன்பு', 'இப்போது' என்று இரண்டு பத்தி வைக்கலாம். நமது வருவாய்ப் பதிவேடுகளைப் பார்த்தவர்கள் இரண்டாவதைத்தான் விரும்புவார்கள். அடித்து எழுதாதே, கீழே எழுதித் தேதி போடு.

மகன் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, எம்டிஎக்ஸ் எல்லாம் இப்போ புதுசா யாரும் படிக்கறதில்ல. 2010இலேயே டேக்ஸ்னு ஒண்ணு வந்துடுச்சு. நீங்க அதைப் படிக்கலாமே" என்றான். படிக்கலாம்தான். ஆனால் டேக்ஸில் எழுதினாலும் ஏரி இருப்பை நாள் வாரியாகக் கூட்ட முடியாதே. மொழி மாறும், கேள்வி மாறாது. தவிர, இந்த வயதில் வேலைக்கா போகப் போகிறேன்?

பிரெஞ்சில் கம்ப்யூட்டருக்கு 'ஓர்தினாத்தர்' என்று பெயர். 1955இல் ஐபிஎம் பிரான்ஸ் நிறுவனம் கேட்டுக்கொண்டதற்காக ழாக் பெரே என்ற இலத்தீன் பேராசிரியர் சொன்ன சொல். கணக்குப் போடுவது என்று அதற்குப் பொருள் அல்ல, ஒழுங்கு செய்வது என்று பொருள். கணக்கு பிறகு வரும், முதலில் எது எதோடு சேரும் என்று ஒழுங்கு செய்ய வேண்டும். புத்தகங்களைப் படித்த பிறகு, அவர் சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார் என்று தோன்றியது.

உங்களில் யாரும் எம்டிஎக்ஸ் படிக்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்கு நாள் நெருங்குகிறது, எண்கள் வர ஆரம்பிக்கும். ஒரு மொத்தத்தையோ சராசரியையோ பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த வாரியாகக் கூட்டியது? அப்படிக் கூட்டலாமா, கூடாதா? வராத கட்டத்தை என்ன செய்தார்கள்? பதில் தெரியாவிட்டால் அடுத்தவருக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இன்னும் ஸ்பாஃபோர்டின் ஏழாவது அத்தியாயத்தில்தான் இருக்கிறேன். தினம் நாலு பக்கம்.