கால்சியம் கடைசியில்

ஸ்டாக்ஹோம் குளிர்காலத்தில் ஆய்வக அறைக்குள் காற்று மிகவும் வறண்டிருக்கும். அப்போது மரக்கூழ் இழையையும் களிமண்ணையும் கலந்து நாங்கள் செய்த படலங்கள் எடுத்தாலே சலசலக்கும். ஆகஸ்டில் அதே படலங்கள் துவண்டு கிடக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் பட்ட இடம் உப்பிவிடும்.

நெருப்பில் காட்டினால் கருகும், ஆனால் தழல் மறுபக்கம் வராது. அது களிமண்ணின் வேலை. மான்ட்மோரில்லோனைட் என்ற அந்தக் களிமண்ணின் ஒரு தகடு சுமார் 1 நானோமீட்டர் தடிமன்தான். கலவையை மெதுவாக வடிகட்டும்போது, நீர் இறங்க இறங்கத் தகடுகள் படுத்துக்கொண்டு, முத்துச்சிப்பியின் உள்ளோட்டைப் போல அடுக்கடுக்காக அமரும். மணிக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டு ஒன்றும் செய்ய முடியாது.

அதற்கும் முன்னால் மரக்கூழ். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அகிரா இசோகாயின் குழு வளர்த்தெடுத்த டெம்போ ஆக்சிஜனேற்ற முறை: சோடியம் புரோமைடு, ஹைப்போகுளோரைட், பிஎச் 10. வினை நடக்க நடக்க பிஎச் இறங்கும். காஸ்டிக் சோடாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஏற்ற வேண்டும். இறங்குவது நின்றால் வினை முடிந்தது. பிறகு உயர் அழுத்தத்தில் அடித்தால், வெளுத்த கூழ் 3, 4 நானோமீட்டர் அகல இழைகளாகப் பிரிந்து தெளிந்துவிடும். பீக்கருக்குப் பின்னால் இருக்கும் எழுத்தைப் படிக்கலாம். அந்தத் தெளிவு எனக்கு ஒருபோதும் அலுத்ததில்லை.

இழையிலும் எதிர்மின்சுமை, களிமண் தகட்டிலும் எதிர்மின்சுமை. ஒன்றையொன்று தள்ளுவதால்தான் இரண்டும் கட்டியாகாமல் கலக்கின்றன. ஆகஸ்டில் துவண்டதற்கும் அதுவே காரணம். அந்தச் சுமைகளைச் சுற்றி நிற்கும் சோடியம் நீரை இழுக்கிறது, அடுக்குகள் விலகிக்கொடுக்கின்றன. சொட்டுச் சொட்டாக என் கையால் விட்ட சோடியம்!

அந்தச் சோடியத்தை வெளியேற்றக் கால்சியம் குளோரைடு. அதை முதலிலேயே கலவையில் ஊற்றினால் எல்லாம் திரிந்துபோகும், படலமே வராது. படலம் உருவான பிறகு அதன் கரைசலில் முக்க வேண்டும். இரண்டு சோடியம் வெளியேற, ஒரு கால்சியம் உள்ளே போய் இரண்டு சுமைகளைப் பிடித்துக்கொள்கிறது. அலுமினியமானால் மூன்று சுமைகளை. முக்கிக் கழுவிய படலத்தை ஈரமாகவே இடுக்கியால் தூக்க முடிந்தது.

இசோகாய் குழு 2012-இல் வெளியிட்ட கட்டுரையில், 5 சதவீதம் களிமண் சேர்ந்த படலத்தின் இழுவலிமை சுமார் 500 மெகாபாஸ்கல். அபாரமான எண். இருந்தாலும் இப்போது எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் ஈரத்தில் அளந்த எண்ணைத்தான் முதலில் தேடுகிறேன். உணவுப் பொட்டலத்துக்கு என்று சொல்பவர்கள் இன்னும் ஒரு படி போய், உப்புநீரிலும் ஊறவைத்து அளக்க வேண்டும். ஸ்வீடன்காரர்கள் விரும்பித் தின்னும் ஹெரிங் மீன் உப்பில்தான் ஊறுகிறது. அவ்வளவு சோடியம் சூழ்ந்தால் கால்சியம் தன் இடத்தை விட்டுக்கொடுக்கக்கூடும்.