வைக்கோல் போர்ப் பூசணம்

நனைஞ்ச வைக்கோல் போரைப் பிரிச்சா புகை மாதிரி தூசி கிளம்பும். அதில் ஆஸ்பர்ஜில்லஸ் என்கிற பூசணத்தின் வித்துகளும் இருக்கும். அதைச் சுவாசிச்சும் எங்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒண்ணும் ஆகறதில்ல, உடம்பே சமாளிச்சுடும். ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏத்தி, வெள்ளணு குறைஞ்சு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த எங்க சித்தப்பாவுக்கு அதே பூசணம்தான் நிமோனியாவா வந்தது. பக்கத்துக் கட்டடத்தை இடிச்சுக்கிட்டிருந்தாங்க. வார்டு ஜன்னல் திறந்தே கிடந்தது. இடிக்கிற தூசியிலும் இந்த வித்து பறக்கும். அதுதான் காரணமா இருக்கணும்னு டாக்டரே சந்தேகப்பட்டார். வழக்கமான ஆன்டிபயாடிக்குக்கு இது மசியாது. சி.டி. ஸ்கேன் எடுத்த பிறகுதான் வோரிகோனசோல் ஆரம்பிச்சாங்க. குறைஞ்சது 6 வாரம் மருந்து. இப்போ வீட்டுக்கு வந்துட்டார். மாட்டுக்கொட்டகைப் பக்கமே போகக் கூடாதாம். திண்ணையில் இருந்தபடியே, “செவலைக்குத் தண்ணி காட்டினியாடா?”ன்னு கேட்டுக்கிட்டிருக்கார்.