மான்டரே கடலும் ஒரு மிதவைச் சட்டையும்

சான்பிரான்சிஸ்கோவிலிருந்து காரில் தெற்கே இரண்டு மணி நேரம் போனால் மான்டரே வருகிறது. ஒரு காலத்தில் மத்தி மீனை டின்னில் அடைக்கும் ஆலைகள் வரிசையாக நின்ற ஊர். இப்போது அந்தத் தெருவில் ஓட்டல்களும், 1984-இல் திறந்த பெரிய மீன் காட்சியகமும் இருக்கின்றன. சான் கார்லோஸ் கடற்கரையில் இறங்கினதுமே நாய் குரைப்பது போல ஒரு சத்தம். பார்த்தால், அலை தடுப்புச் சுவரின் பாறைகளில் கடல் சிங்கங்கள்!

கோடை காலந்தான், ஆனாலும் மூடுபனி. தண்ணீரில் கால் வைத்தேன். ஃபிரிஜ்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்தாற்போல் ஜில்லிப்பு. பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரிதான் இருக்குமாம். அதற்குள் முழுகத்தான் வந்திருந்தாள் என் தம்பி மனைவி. அவளுடைய ஐந்து வயசுப் பெண் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில் அந்தமானில் முழுகக் கற்றுக்கொண்டவள் அவள். அந்த வெதுவெதுப்பான கடலுக்கென்று வாங்கின மிதவைச் சட்டையையே போட்டுக்கொண்டு இங்கேயும் ஒரு தடவை இறங்கியிருக்கிறாள். ஆழத்தில் பொத்தானை அழுத்திச் சட்டை நிறையக் காற்றை நிரப்பியும் உடம்பு மேலே எழும்பவில்லையாம். துணைக்குப் போனவர் கை கொடுக்க, உதைத்து உதைத்து மேலே வந்தாளாம்.

“ஏம்மா, இதை விட்டுடக் கூடாதா?” என்று கேட்டேன்.

“தப்பு கடல் மேல இல்லேக்கா, சட்டை மேலதான். நீங்களும் கடைக்கு வாங்க.”

முதல் நாளே போனோம். கடைக்கார அம்மாள் நிதானமாக விளக்கினாள். குளிர் தாங்க 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள நுரை ரப்பர் உடை போடுகிறார்கள். அதிலுள்ள காற்றுக் குமிழிகள் ஆளை மிதக்க வைக்கும். அதனால் இடுப்பில் ஈயக் கட்டி, சிலருக்குப் பத்துக் கிலோ கூட, கட்டித்தான் இறங்க வேண்டும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. குமிழிகள் சுருங்கி விடுகின்றன. உடை மிதப்பை இழக்கிறது. ஈயம் மட்டும் அப்படியே கனக்கிறது. அந்தக் குறையைச் சட்டைதான் ஈடு செய்ய வேண்டும். வெந்நாட்டுக் கடலுக்கான லேசான சட்டைக்கு அந்தத் தெம்பு கிடையாது. அதற்காக ரொம்பப் பெரிசாகவும் வாங்கக் கூடாது, தண்ணீரில் இழுக்கும்.

பிறகு வரிசையாகப் பரீட்சை வைத்தாள். ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு போட்டுப் பார்ப்பதுபோல, தடித்த உடையின் மேல்தான் சட்டையைப் போட்டுப் பார்க்க வேண்டும். முழுக்கக் காற்றடைத்தாலும் தாராளமாக மூச்சு விட முடிய வேண்டும். குளிருக்கான தடித்த கையுறையோடு பொத்தான்களும் வளையங்களும் கைக்குச் சிக்க வேண்டும். ஆபத்தில் ஈயப் பைகள் ஒரே இழுப்பில் கழன்று விழ வேண்டும். இந்தக் கடலில் கெல்ப் என்னும் பாசி காடாக நிற்கிறது. ஆகவே சட்டையில் எதுவும் தொங்கவே கூடாது.

பழைய சட்டை கம்மி விலைக்குக் கிடைத்தால்? காற்றடைத்து ஒரு ராத்திரி வைத்துப் பார். காலையில் தொய்ந்திருந்தால் வேண்டாம் என்றாள். வீட்டுப் பெண்ணின் யோசனை! தேவைக்கு மேல் ஈயம் கட்டாதே என்றும் எச்சரித்தாள். பார்க்க அழகாயிருந்த ஊதாச் சட்டை கையுறைப் பரீட்சையில் தோற்றது. கறுப்புச் சட்டை ஜெயித்தது.

மறுநாள் கரையில் முக்கால் மணி நேரம் எனக்கு ஒரு யுகமாகப் போயிற்று. “அத்தை, அம்மா எப்போ வருவா?” என்று குழந்தை பத்துத் தடவை கேட்டிருக்கும். கெல்ப்பைச் சுற்றிக்கொண்டு மல்லாந்து கிடந்த ஒரு கடல் நீர்நாயைக் காட்டிச் சமாளித்தேன்.

அப்புறம் தூரத்தில் ஒரு தலை தெரிந்தது. தோள் வரைக்கும் நிம்மதியாக மிதந்துகொண்டே கையை வளைத்து உச்சந்தலையில் வைத்தாள். ‘நான் நன்றாக இருக்கிறேன்’ என்று அர்த்தமாம். குழந்தையும் தன் தலையில் கை வைத்துக்கொண்டு குதித்தது.

அன்று ராத்திரி அந்தச் சட்டையை உள்ளும் புறமும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயப் போட்டது நான்தான்.