மனத்தின் கரை

தேகத்துக்கு நோய் வந்தால் மருந்து தேடுகிறோம். மனத்துக்குச் சோர்வு வந்தாலோ, வெளியிட நாணி மூடி வைக்கிறோம். யாமும் அவ்வாறு மூடி வைத்துத் துன்புற்றவரே. ஆகலின், எமக்கு நேர்ந்ததையும் அதினின்று மீண்ட வகையையும் நம் கலாசாலை நண்பர்க்கு உரைத்தல் நலமெனக் கருதினோம்.

2023ஆம் ஆண்டு மாசி மாதத்தில், பரீட்சையில் இரண்டு பாடங்களில் தவறினோம் என்ற செய்தி வந்தது. ஒருவரிடமும் கூறாமல் எமது ஊராகிய எம்.ரெட்டியபட்டிக்குச் சென்றோம். பகலெல்லாம் கதவடைத்துக் கிடந்தோம். இரவெல்லாம் கைப்பேசியின் வெளிச்சத்தில் விழித்திருந்தோம். நண்பர் அழைத்தபோது மறுமொழி தந்தோமில்லை. உணவு கசந்தது. ‘இனி நம்மால் யாது ஆகும்?’ என்னும் ஒரே வினா நெஞ்சைக் குடைந்துகொண்டிருந்தது.

எட்டாம் நாள் விடியுமுன் அப்பத்தா கதவைத் தட்டினார். காரணம் யாதும் வினவினாரில்லை. “ஐயா, பருத்தி வெடிச்சுக் கெடக்கு, ஆளு பத்தல. எந்திரிச்சு வா,” என்றார். மறுக்கவும் வலியின்றிப் பின்சென்றோம். பனி ஈரம் உலருமுன்னரே பருத்தி எடுத்தல் வேண்டும். வெயில் ஏறினால் காய்ந்த சருகு நொறுங்கிப் பஞ்சில் ஒட்டிக்கொள்ளும். மடி கட்டிக்கொண்டு செடி செடியாக எடுத்தோம். அன்றே மகிழ்ச்சி வந்துவிட்டது என்று கூறோம். ஆயினும், உடல் களைத்தமையால் அன்றிரவு உறங்கினோம். மறுநாளும் சென்றோம், அதற்கு மறுநாளும் சென்றோம்.

ஒரு மாலை கண்மாய்க் கரையில் பெரியப்பாவிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் கடிந்துகொள்ளவில்லை, கரையில் இருந்த நண்டு வளையைக் காட்டி, “தண்ணி நெறஞ்ச பெறகு இத அடைக்க முடியுமாப்பா? கோடையிலயே அடைக்கணும்,” என்றார். அச்சொல் எம் உள்ளத்தில் நின்றது. பெருமழை கரையை உடைத்தது என்று ஊரார் சொல்லலாம். பல நாள் அடைபடாத சிறு வளையே அதற்கு வழி செய்திருக்கும்.

அருகிலுள்ள திருச்சுழியில் 1879ஆம் ஆண்டு பிறந்த ரமண மகரிஷி, 1896இல் மதுரையில் மாணவராயிருந்தபோது மரண பயம் தம்மைப் பற்ற, தனித்திருந்தே அதனை விசாரித்துத் தெளிந்தார் என்பர். அவ்வாற்றல் எம்மனோர்க்கு இல்லை. எமக்கு உதவியவை எளிய பழக்கங்களே: நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல்; காலை வெயில் முகத்திற் படச் சிறிது நடத்தல்; வேளை தவறாது உண்ணல்; கையால் செய்யும் வேலை ஒன்றை முடித்தல்; ஒருவரிடமேனும் மனம்விட்டுப் பேசுதல்; உறங்குமுன் கைப்பேசியை வேற்றறையில் வைத்தல்.

இவற்றுள் காலை ஒளி, உறக்கத்தையும் விழிப்பையும் நடத்தும் உடற் கடிகாரத்தை நேர்ப்படுத்தும். ‘மனம் வரட்டும், பிறகு செய்வோம்’ என்று காத்திராமல், செயலைத் தொடங்கினால் மனம் பின்தொடரும் என்பதும் வெறும் பாட்டி வைத்தியமன்று. 1996இல் அமெரிக்க உளநூல் அறிஞர் ஜேக்கப்சனும் அவர் துணைவரும் வெளியிட்ட ஆராய்ச்சியில், சோர்வுற்றோரைச் செயலில் ஈடுபடுத்தும் முறை மட்டுமே, எண்ணங்களையும் திருத்தும் முழுச் சிகிச்சைக்கு ஈடாகப் பயன் தந்தது.

எனினும், பழக்கங்களால் தீராத துயரமும் உண்டு. உறக்கமின்மையும் வெறுமையும் இரண்டு வாரம் கடந்தும் நீங்காவிடின், அல்லது உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறை எழுந்தாலும், மருத்துவரை நாடுதல் கடமை. 2022 அக்டோபரில் இந்திய அரசினர் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இதில் நாணத்துக்கு இடமில்லை.

தவறிய இரண்டு பாடங்களையும் மறுபடி எழுதினோம். ஒன்றில் தேறினோம், மற்றொன்றில் மீண்டும் தவறினோம். அன்று மாலையே அப்பத்தாவைத் தொலைபேசியில் அழைத்துச் செய்தியைச் சொன்னோம். “சரிப்பா, சாப்பிட்டியா?” என்று கேட்டார். சாப்பிட்டிருந்தோம். அன்றிரவு உறங்கவும் உறங்கினோம்.