பத்தொன்பதாம் நம்பர்

புத்தளம் தில்லையடியில் இங்கிலிஷ் டியூஷன் கொடுக்கும் எவருக்கும் இந்த வசனம் பழக்கமானதுதான்: "சேர், எக்ஸ்பிளைன் மீ திஸ் சம்." திருத்துவோம்: "எக்ஸ்பிளைன் திஸ் சம் டு மீ." கெட்டிக்காரப் பிள்ளை என்றால் விடாது. "கிவ் மீ சரி, டெல் மீ சரி, ஷோ மீ சரி. எக்ஸ்பிளைன் மீ மட்டும் ஏன் பிழை?" அதற்கு எங்களூரில் வழிவழியாக வரும் பதில், "வெள்ளைக்காரன் அப்பிடித்தான் பேசுவான்" என்பது. லண்டனில் யாரோ எழுதிவைத்த சட்டம், நாம் பாடமாக்க வேண்டியது, அவ்வளவே. இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

வாப்பாவிடம் வேறொரு பதில் இருந்தது. 'கிவ் மீ வாட்டர்' என்று நாங்கள் சொன்னால், "அது பத்தொன்பதாம் நம்பர்" என்பார். என்ன பத்தொன்பது என்று கேட்கும் புத்தி எனக்கு வருமுன்னே அவர் மவுத்தாகிவிட்டார். யாழ்ப்பாணத்தில் அவருக்கு இங்கிலிஷ் படிப்பித்த சேர் மட்டும் இன்னும் இருக்கிறார். எங்கள் ஒழுங்கையிலிருந்து கூப்பிடு தூரம்தான். எண்பதைக் கடந்தவர். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னபோது, சோனகத்தெரு வீட்டில் அலுமாரி நிறைய இருந்த புத்தகங்களை அப்படியே விட்டுவிட்டு வந்தவர்.

பத்தொன்பது என்றால் என்னவென்று அவரிடம் போய்க் கேட்டேன். "கிவ் ஹிம் எ செயார், பத்தொன்பது. மேக் ஹிம் செயார்மன், எட்டு. திங்க் ஹிம் என் ஒனஸ்ட் மேன், நாலு" என்று கடகடவெனச் சொன்னார். பலகையில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக் காட்டினார். முதல் கட்டத்தில் வினை, அடுத்ததில் 'ஹிம்', கடைசியில் பெயர். மூன்று வசனமும் ஒரே உருவம்தான். முதலாவதில் அவனுக்கு ஒன்று கிடைக்கிறது. இரண்டாவதில் அவனே ஒன்றாக ஆகிறான். மூன்றாவதில் அவனை அப்படி எண்ணுகிறார்கள், அவ்வளவுதான். தமிழில் 'அவனுக்கு', 'அவனைத் தலைவராக' என்று உருபே காட்டிக்கொடுத்துவிடும். இங்கிலிஷில் வினையைத் தெரிந்தவனுக்குத்தான் வித்தியாசம் விளங்கும். அதனால்தான் நம்பர் என்றார் சேர்.

எந்தப் புத்தகத்து நம்பர் என்றேன். "ஹோன்பி" என்றார்.

ஹோன்பியின் ஒக்ஸ்போர்ட் அகராதி என் கையிலேயே இருந்தது, 1974ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு. அதில் வினை அமைப்புகளின் பட்டியலைத் தேடினால் 'கிவ் ஹிம்' வகைக்கு 12ஏ என்று போட்டிருக்கிறது. தலைவராக்கும் வகை 23. பத்தொன்பதில் இருப்பது முற்றிலும் வேறு சரக்கு. அகராதியைத் தூக்கிக்கொண்டு சேரிடம் போனேன். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"பன்னிரண்டு எங்கேயிருந்து வந்திச்சு மகன்? பத்தொன்பது."

"அச்சில இருக்கு சேர்."

"அச்சு பிழைக்கும். நான் எத்தனை வருசம் படிப்பிச்சன்."

பிந்திய பதிப்புகளையும் தேடிப் பார்த்தேன். 1989இன் நான்காம் பதிப்பில் நம்பரே கிடையாது, எழுத்துக் குறிகள். 1995இல் அந்தக் குறிகளும் மாறிவிட்டன. புத்தகம் புதிதாக ஆக ஆக நான் பத்தொன்பதை விட்டுத் தூரமாகப் போய்க்கொண்டிருந்தேன். சேருக்கு வயதாகிவிட்டது, நினைவு தடுமாறுகிறது என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எட்டையும் நாலையும் ஒருமுறைகூட மாற்றிச் சொல்லாத மனிதர் பத்தொன்பதில் மட்டும் எப்படித் தடுமாறுவார்?

கொழும்பில் பழைய புத்தகக் கடையொன்றில் ஹோன்பியின் இன்னொரு புத்தகம் அகப்பட்டது. இங்கிலிஷ் வசன அமைப்புகளுக்கான அவருடைய வழிகாட்டி, 1954இல் வந்தது. கடை வாசலில் நின்றே புரட்டினேன். மொத்தம் 25 வினை அமைப்புகள். வினை, வாங்குபவர், கொடுக்கும் பொருள் என்று நேராக வரும் அமைப்பு பத்தொன்பது. ஆக்குவது எட்டு. எண்ணுவது நாலு. பழைய அகராதிகள் இந்த வரிசையில்தான் போயிருக்கின்றன. 1974இல்தான் ஹோன்பி எல்லாவற்றையும் பிரித்து அடுக்கி நம்பரை மாற்றியிருக்கிறார். அறுபதுகளில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர் சேர். அவர் படித்த பத்தொன்பது அட்சரம் பிசகாமல் அங்கே இருந்தது.

சேர் சொன்னது சரிதான் என்று நிரூபித்ததோடு தேடலை முடித்திருக்கலாம். அந்தப் புத்தகத்தின் முன்னுரை விடவில்லை. மாணவர் ஒரு வினையைப் பார்த்து இன்னொரு வினையையும் அதே அச்சில் வார்த்துவிடுவதைப் பற்றி ஹோன்பி அங்கே பேசுகிறார். 'டெல் மீ', 'ஷோ மீ' என்று கேட்டுப் பழகியவர் 'எக்ஸ்பிளைன் மீ' என்றும் சொல்லிவிடுவார் என்கிறார். என் வகுப்புப் பிள்ளையின் அதே வசனம்! 1954 புத்தகத்தில், தில்லையடியைக் கேள்விப்பட்டே இராத ஒருவர் எழுதியது. யார் வாயிலிருந்து இதைக் கேட்டிருப்பார்?

அந்தக் கேள்வி என்னை லண்டனுக்கோ ஒக்ஸ்போர்டுக்கோ கூட்டிப்போகவில்லை. ஏ.எஸ். ஹோன்பி 1924இல் ஜப்பானுக்குப் போனவர், கியூஷு தீவில் ஒயிட்டா என்ற ஊரில் ஆசிரியர். அவருக்கு முன்பே ஹரல்ட் பாமர் 1922இல் டோக்கியோ வந்து, அடுத்த வருடம் இங்கிலிஷ் கற்பித்தல் ஆய்வுக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். அமைப்புகளை எண்ணிடும் வேலை அங்கே வளர்ந்தது. 1936இல் பாமர் ஊர் திரும்பினார். ஹோன்பியும் அவருடைய சகாக்கள் கேட்டன்பியும் வேக்ஃபீல்டும் சேர்ந்து அந்த அகராதியின் முதல் வடிவத்தை முடித்தார்கள். இதற்குள் யுத்தம் வந்துவிட்டது. ஹோன்பி தடுத்துவைக்கப்பட்டு, 1942இல் நாடு திருப்பி அனுப்பப்பட்டார். அதே 1942இல், பிரித்தானியாவும் ஜப்பானும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தபோது, டோக்கியோவின் கைடாகுஷா பதிப்பகம் அந்த அகராதியை வெளியிட்டது. ஒக்ஸ்போர்ட் அதைப் படமெடுத்து மறுபடி அச்சிட்டது 1948இல்தான்.

ஆக, லண்டன் சட்டம் என்று நாங்கள் நம்பியது டோக்கியோச் சரக்கு. ஜப்பான் மொழியும் நம்மைப் போல வினையைக் கடைசியில் வைப்பது. வாங்குபவருக்குப் பின்னால் 'னி' என்று ஓர் ஒட்டு, நமது 'கு' மாதிரி. கொடுத்தாலும் காட்டினாலும் விளக்கினாலும் நமக்கு 'எனக்கு'தான். தொல்காப்பியரும் நான்காம் வேற்றுமையைச் சொல்லும்போது, எந்தப் பொருளானாலும் கொள்ளும் என்றுதான் வகுத்தார். அப்படிப்பட்ட மொழியிலிருந்து வருகிற பிள்ளைகளைப் பல வருடம் வகுப்பில் வைத்துப் பார்த்தவர்கள்தான் இந்தப் பட்டியலைப் போட்டார்கள். இது தெரிந்த அன்று நான் அடைந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

இங்கிலிஷுக்கும் ஒரு காலத்தில் உருபு இருந்திருக்கிறது. பழைய இங்கிலிஷில் 'ஹிம்' என்றாலே 'அவனுக்கு'. 'அவனை' என்பதற்கு 'ஹினே' என்று வேறு வடிவம். 'ஹினே' அழிந்துபோய் 'ஹிம்' இரண்டு வேலையையும் தலையில் போட்டுக்கொண்டது. உருபு செய்த வேலையை இடம் செய்யத் தொடங்கியது.

எல்லாவற்றையும் சேரிடம் போய்ச் சொன்னேன். டோக்கியோ அவரை அசைக்கவில்லை. முன்னுரையை மட்டும் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "அப்ப ஜப்பான் பிள்ளையளும் இதைத்தான் சொல்லியிருக்கு" என்றார். பிறகு, "ஆனா ஏன் எண்டதை ஹோன்பி சொல்லலையே?" என்று என்னையே மடக்கினார்.

உண்மைதான். பட்டியல் எது எங்கே சேரும் என்று சொல்லும், காரணம் சொல்லாது. கிவ், டெல், ஷோ, செண்ட் எல்லாம் இங்கிலிஷின் சொந்தச் சொற்கள், எக்ஸ்பிளைன், டிஸ்கிறைப், சஜெஸ்ட் லத்தீன் வழி வந்தவை, அதனால் 'டு' கேட்கின்றன என்றேன். சேர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "பிராமிஸ் மீ?" என்றார். அதுவும் லத்தீன் வழி வந்ததுதான், பத்தொன்பதில் உட்கார்ந்திருக்கிறது. முதல் அசையில் அழுத்தம் விழுவதால் காது அதைச் சொந்தச் சொல்லாக எடுத்துக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம். "அசைன் மீ?" என்றார். அதில் அழுத்தம் இரண்டாம் அசையில். இனிமேல் ஒருவர் கையில் ஒன்று சேரும் என்ற பொருளுள்ள வினைகள் தனி இனம் என்று அதற்கும் மொழியியலாளர்கள் விளக்கம் வைத்திருக்கிறார்கள். 1979இல் அவர்களில் ஒருவரான சீ.எல். பேக்கர் இதையே பெரிய புதிராக்கினார்: இங்கிலிஷ் வீட்டுக் குழந்தைக்கு யாரும் உட்கார்ந்து திருத்துவதில்லை, பிறகு எப்படி அது 'எக்ஸ்பிளைன் மீ'யை விட்டுவிடுகிறது? பத்து வருடம் கழித்து ஸ்டீவன் பிங்கரும் கூட்டாளிகளும் இல்லாத வினைகளை உண்டாக்கிச் சோதித்துப் பார்த்தார்கள். ஓரசை வினை என்றால் பெரியவர்களின் காது அதைப் பத்தொன்பதில் ஏற்றுக்கொள்ள அதிகம் இணங்கியது. புதிர் முழுக்க அவிழ்ந்துவிடவில்லை.

நான் இப்போது பத்தொன்பதையும், 'டு' போட்டுப் பின்னால் சொல்லும் பதினெட்டையும் ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் எழுதிப் படிப்பிக்கிறேன். பாலாவி உப்புப் பக்கெற்றைக் கையில் கொடுத்து, 'கிவ் ஹிம் த சோல்ட்', 'எக்ஸ்பிளைன் த சம் டு ஹிம்' என்று மாற்றி மாற்றிச் சொல்ல வைக்கிறேன். ஏன் என்று கேட்கிற பிள்ளைக்குப் பிராமிஸும் அசைனும் உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். டோக்கியோவில் வேலை செய்யும் எங்களூர்ப் பொடியன் ஒருவனிடம் 1942ஆம் ஆண்டுப் பதிப்பைத் தேடச் சொல்லியிருக்கிறேன். சேர் அதைப் பார்க்க வேண்டுமாம். அதில் பத்தொன்பது எத்தனையாம் பக்கம் என்று அறிய அவருக்கு ஆசை.