மிகிந்தலைப் பயணமும் எங்கள் செலவுக் கொப்பியும்

எமது மாதர் சங்கத்தின் பொருளாளராக நான் பல கணக்குகளை எழுதியிருக்கிறேன். கோழி வளர்ப்புக் கடன், மரண உதவி, பிள்ளைகளின் கொப்பிக் காசு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் உண்டு. 2018ஆம் ஆண்டில்தான் முதன்முதலாக "சுற்றுலா" என்று ஒரு பக்கத்துக்குத் தலைப்பிட்டேன். எழுதும்போது கை கூசியது. சங்கத்தில் அப்போது நாங்கள் 12 பேர். அவர்களில் 7 பேர் கணவரை இழந்தவர்கள். இருவர் காணாமற்போன பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருப்பவர்கள்.

மிகிந்தலைக்குப் போவோம் என்று சொன்னது நான்தான். வவுனியாவிலிருந்து ஏ9 வீதியில் தெற்கு நோக்கி ஏறக்குறைய 50 கிலோமீற்றர். மதவாச்சியைத் தாண்டினால் அதே வீதியிலேயே வந்துவிடும். காலையில் போய் மாலையில் திரும்பலாம், தங்கும் செலவு இல்லை.

"எங்கட கோயில் திருவிழாவுக்குப் போகவே காசில்லை. விகாரைக்குப் போய் என்ன செய்யிறது?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். "வேண்டுதல் வைக்கப் போகவில்லை, பார்க்கப் போகிறோம். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னரே துறவிகள் வாழ்ந்த மலை. குகை, குளம், பழைய வைத்தியசாலை எல்லாம் இருக்கிறது" என்றேன். யாரும் அசையவில்லை.

அப்போது எங்களில் மூத்த அக்கா வாய் திறந்தார். "பிள்ளை, 2009க்குப் பிறகு நான் எடுத்த பஸ் ரிக்கற் எல்லாம் மகனைத் தேடிப் போனதுக்குத்தான். பூசாவுக்குப் போனன், கொழும்புக்குப் போனன், விசாரணை எண்டு கூப்பிட்ட இடமெல்லாம் போனன். சும்மா ஒரு இடத்தைப் பார்க்க எண்டு ஒரு ரிக்கற்றும் எடுக்கேல்லை. நான் வாறன்."

அதற்குப் பிறகு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. கொப்பியைத் திறந்தோம்.

முதலில் நுழைவுச்சீட்டு. விசாரித்ததில், அங்கே இலங்கையரிடம் கட்டணம் எடுப்பதில்லை என்று அறிந்தோம். "அப்ப செலவே இல்லை" என்றார்கள். ஆனால் உண்மையான செலவு வாசலில் அல்ல, வீட்டிலிருந்து வாசலுக்குப் போய்ச் சேருவதில்தான் இருக்கிறது. ஆளுக்கு இப்படி எழுதினேன்: பஸ் போக வர 220 ரூபா, தேநீரும் தண்ணீரும் 100, பூவுக்கும் செருப்பு வைக்கும் இடத்துக்கும் 30, நடக்க முடியாதவர்களுக்கு முச்சக்கர வண்டி பிடிக்க எல்லோரின் பங்கு 50, அவசரத்துக்கு 200. மொத்தம் 600 ரூபா. வாரம் 50 ரூபாப்படி 12 வாரம் சேர்த்தோம். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவதென்று முடிவு.

கொப்பியில் வராத இன்னொரு செலவும் இருந்தது. வேலை நாளில் போனால் அன்றைய கூலி போய்விடும். அது பஸ் காசைவிடப் பெரிது. ஆகையால் ஞாயிற்றுக்கிழமையைத் தெரிந்தோம். பொசொன் போயாவில் போனால் தன்சல்களில் இலவசமாகச் சாப்பிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. யூன் மாதத்துப் பொசொனுக்கு இலட்சக்கணக்கில் சனம் கூடும். வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு அந்த நெரிசலில் ஏற முடியாது என்று விட்டுவிட்டோம்.

புறப்பட்ட அன்று மதவாச்சி வந்தபோது பஸ்ஸில் எங்கள் பேச்சு நின்றது. யுத்த காலத்தில் பொதிகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற இடம். பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு தன்பாட்டில் போனது. ஒருவரும் அடையாள அட்டையைக் கையில் எடுக்கவில்லை என்று நினைத்தேன். பார்த்தால் மூத்த அக்காவின் கையில் அது இருந்தது.

மிகிந்தலைப் படிகள் 1,840. அகலமான கருங்கற்படிகள், இரு பக்கமும் ஈழத்தலரி மரங்கள். முழங்கால் நோவுள்ள மூவரை முச்சக்கர வண்டியில் பழைய வீதியால் மேலே அனுப்பினோம். அந்த வீதி படிகளின் பெரும்பகுதியைத் தவிர்த்து மேல் தரிப்பிடம்வரை போகிறது.

படிகளின் நடுவே துறவிகளின் பழைய உணவு மண்டபம் இருக்கிறது. சோறு நிரப்பி வைத்த நீண்ட கற்றொட்டியைப் பார்த்து, "இதில எத்தினை பேருக்குச் சமைச்சிருப்பினம்!" என்று எங்கள் பெண்கள் வியந்தார்கள். பக்கத்தில் இரண்டு பெரிய கல்வெட்டுப் பலகைகள் நிற்கின்றன. 10ஆம் நூற்றாண்டில் நான்காம் மகிந்த மன்னன் காலத்தில் வெட்டப்பட்டவை. அவற்றில் இருப்பது மடத்தின் நிருவாகம்: துறவிகளின் ஒழுங்கு, பணியாளருக்குக் கொடுக்க வேண்டிய நெல்லும் நிலமும், வரவு செலவை எப்படி எழுதி வைக்க வேண்டும் என்பது. ஆயிரம் வருடத்துக்கு முன்னரே கல்லில் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று சொன்னபோது, "உங்கட கொப்பி மாதிரித்தான்" என்று சிரித்தார்கள்.

மேலே, அம்பஸ்தல தாதுகோபத்துக்குப் போகும் வாசலில், என் கணக்குப் பிழைத்தது. எங்களோடு வந்தவர்களில் ஒருவரின் தமக்கை சுவிஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். அவர் கையில் சுவிஸ் கடவுச்சீட்டு. வெளிநாட்டவருக்கு அப்போது 500 ரூபா ரிக்கற். அவர் பிறந்தது வவுனியாவில். 1990களில் உயிருக்குப் பயந்து நாட்டைவிட்டுப் போனவர். ஒன்றும் பேசாமல் காசைக் கொடுத்து, ரிக்கற்றை மடித்துக் கைப்பையில் வைத்தார். வெளிநாட்டு உறவினரோடு போகும் சகோதரிகள் இந்தச் செலவை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே மாமரத்துக் கதையை நான் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் படித்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வேட்டைக்கு வந்த தேவநம்பிய தீசனை இங்கேதான் மகிந்த தேரர் சந்தித்தாராம். மன்னனின் அறிவைச் சோதிக்க மாமரத்தை வைத்து ஒரு கேள்வி கேட்டார். பிறகு இன்னொன்று கேட்டார். உனக்கு உறவினர் உண்டா? பலர் உண்டு. உறவல்லாதவர்? அவர்கள் இன்னும் அதிகம். இந்த இரண்டு கூட்டத்திலும் சேராத வேறு யாராவது உண்டா?

எங்கள் பெண்கள் யோசித்தார்கள். எதிரி என்றார் ஒருவர். செத்துப்போனவர்கள் என்றார் இன்னொருவர். சுவிஸ் தமக்கை ஒன்றும் சொல்லவில்லை.

"நான் இருக்கிறேன், என்றானாம் மன்னன்" என்றேன்.

மூத்த அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது சரி. அந்த ஆளை நாங்கள் கணக்கில எழுதுறேல்லைத்தானே" என்றார்.

வீட்டுக்கு வந்து என் சொந்தச் செலவுக் கொப்பியைப் புரட்டினேன். மகளின் வகுப்புக் காசு, மாமியின் மருந்து, சீட்டுக் காசு, அயல் வீட்டுக் கலியாணத்துக்குக் கொடுத்தது எல்லாம் இருந்தன. உறவுக்கும் உறவல்லாதவருக்கும் வரி வரியாக இருந்தது. எனக்கென்று ஒரு வரி இல்லை. அன்று இரவு "எனக்கு" என்று ஒரு வரி எழுதி, அதன் எதிரே 50 ரூபா போட்டேன்.

பயணத்தில் மிஞ்சிய 2,150 ரூபாவைப் பிரித்துக் கொடுக்க வேண்டாம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அடுத்த பயணத்துக்கு என்று எழுதி வைத்தேன். 2022இன் விலையேற்றத்துக்குப் பிறகு பஸ் கட்டணம் பெரிதும் கூடிவிட்டது. நான் எழுதிய தொகைகள் இன்று காணாது. நீங்கள் போவதானால் பஸ் காசையும் நுழைவுச்சீட்டு விபரத்தையும் புதிதாக விசாரித்துவிட்டுச் சேர்க்கத் தொடங்குங்கள். வாரத்துக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு போதும்.

மூத்த அக்காவின் மகன் இன்னும் வரவில்லை. தேடலுக்கான பஸ் ரிக்கற்றுகளை அவர் ஒரு பிஸ்கற் ரின்னில் சேர்த்து வைத்திருக்கிறார். மிகிந்தலை ரிக்கற்றை அதற்குள் போடவில்லை. சாமிப்படத்துக்குப் பக்கத்தில் தனியாகச் செருகியிருக்கிறார்.