கறுப்புக் கோட்டுக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை?

பி.எல். முடித்தால் கோர்ட். கோர்ட் போரடித்தால் அரசியல். நம்ம ஊர் வக்கீல்களுக்கு ரூட் இவ்வளவுதான்.

அமெரிக்காவில் ஜார்ஜ் அன்னாஸ் என்றொருவர். 1970-ல் ஹார்வர்டில் சட்டப் பட்டம் வாங்கினார். சம்பாதிக்கப் போயிருக்கலாமே? மனுஷர் 1972-ல் அங்கேயே பொதுச் சுகாதாரத்தில் இன்னொரு பட்டம் வாங்கி, பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சுகாதாரம் படிக்கிறவர்களுக்குச் சட்டம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாராகிவிட்டார்! 1975-ல் ஆஸ்பத்திரி நோயாளிகளின் உரிமைகள் பற்றி ஒரு கையேடே எழுதினார். விவரம் கேட்கலாம், வேண்டாம் என்று மறுக்கலாம் என்பதெல்லாம் படுத்திருப்பவனுக்கு யார் சொல்வார்கள்? டாக்டருக்கு நேரமில்லை. வக்கீல்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இங்கேயும் 2008-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பரிசோதனைக்குத் தந்த சம்மதத்தை வைத்து ஆபரேஷன் செய்யக்கூடாது. உயிரையோ உடல்நலத்தையோ காக்கத் தள்ளிப்போட முடியாதென்றால் மட்டும் விதிவிலக்கு.

போன வருஷம் அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன். சிஸ்டர் ஒரு ஃபாரத்தை நீட்டி, "சும்மா ஃபார்மாலிட்டி சார், இங்கே ஒரு கையெழுத்து" என்றார். நான் பி.காம். வட்டி எத்தனை பர்சென்ட் என்று கேட்காமல் பேனா மூடியைத் திறக்காத ஜாதி. ஸ்டூலை இழுத்துப் போட்டு வரி வரியாகப் படித்தேன். இரண்டு இடம் புரியவில்லை, கேட்டேன். வார்டே முறைத்தது. அப்பாகூட முறைத்தார்.

சிஸ்டர் குரலைத் தாழ்த்தி, "சார் வக்கீலா?" என்றார்.